நைட் ஷிஃப்டில் கெட்டுப்போன தோல்: க்ரீம் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

இரவு வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். தாடையில் பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு, முழங்கை மடிப்பில் அரிப்பு, எதைத் தடவினாலும் களையே இல்லாத முகம். சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் இருப்பவர்கள் இதற்கு உடனே ஏறுவது ஏதாவது ஒரு ஸ்கின் கிளினிக் படி. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே நானும் அப்படிப் பல படிகள் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் உட்கார்ந்த சூட்டோடு ஆறு சிட்டிங் பேக்கேஜுக்கு விலை சொன்னார்கள். இன்னோரிடத்தில் மூன்று ட்யூப் எழுதிக் கொடுத்தார்கள். "எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிதாக இரவு வேலைக்கு வந்து இதே சிக்கலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும், என்ன காகிதம் வேண்டும், எத்தனை நாளில் பலன் தெரியும் என்பதுதான் விஷயம். விலைகள் சென்னையில் நான் பார்த்தவை. உங்கள் ஊரில் குறையலாம்.

1. தூக்கம் தோலைக் கெடுக்கிறதா, தோல் தூக்கத்தைக் கெடுக்கிறதா?

இதைப் பிரிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சாதாரணமாக இரவில் தூங்குகிறவர்களுக்கு அரிப்பு கூடுவதும் இரவில்தான். வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கி வைக்கும் கார்டிசால் ஹார்மோன் மாலைக்கு மேல் குறைந்துவிடுகிறது. தோலின் சூடு கூடுகிறது, தோல் வழியாக வெளியேறும் ஈரமும் கூடுகிறது. படுத்த பிறகு கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. அதனால் தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா, செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ், காணாக்கடி மாதிரித் திட்டுத் திட்டாகத் தடித்துக்கொள்ளும் அர்ட்டிகேரியா எல்லாமே முதலில் தூக்கத்தில்தான் கை வைக்கும்.

சரி, எப்படிப் பிரிப்பது? ஒரே கேள்வி. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது அரிப்பு உங்களை எழுப்புகிறதா, இல்லை தூக்கம் வராமல் புரளும்போது கை தானாகச் சொறியப் போகிறதா? எழுப்புகிறது என்றால் அது பெரும்பாலும் தோல் நோய். நேராக ஆறாம் படிக்குப் போங்கள். திரைச்சீலையும் கண் மூடியும் வாங்கிப் பயனில்லை.

மேன்ஷனிலோ பி.ஜி.யிலோ இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பொரிகள், படுத்தவுடன் தாங்க முடியாத அரிப்பு, ரூம்மேட்டும் சொறிகிறார். இது சிரங்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு பூச்சியின் வேலை. மருத்துவர் பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம் எழுதுவார். கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை. கூடத் தங்கியிருக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் தடவ வேண்டும், துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். நீங்கள் மட்டும் தடவிக்கொண்டால் பத்து நாளில் பக்கத்துக் கட்டிலிலிருந்து திரும்பி வந்துவிடும். மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு மிச்சமிருக்கும். அதற்குப் பயந்து தினமும் தடவக் கூடாது.

இனி, தூக்கம் தோலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 60 பெண்களை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. டேப் ஒட்டிப் பிரித்துத் தோலின் மேலடுக்கைச் சேதப்படுத்தி, 72 மணி நேரம் கழித்து அளந்தார்கள். நன்றாகத் தூங்குகிறவர்களின் தோல் 30 சதவீதம் கூடுதலாக மீண்டிருந்தது. அழகுப்பொருள் நிறுவனமான எஸ்டீ லாடரின் பணத்தில் நடந்த ஆய்வு அது, அதை மனதில் வைத்தே படியுங்கள். ஸ்வீடனில் 2013-ல் வெளியான இன்னொன்றில், தூங்காதவர்களின் படங்களைப் பார்த்தவர்கள் இமை தொங்கல், கண் வீக்கம், கருவளையம், வெளிறிய தோல் எல்லாம் கூடியிருப்பதாக மதிப்பிட்டார்கள். படம் எடுக்கப்பட்டவர்கள் பத்தே பேர்.

ஆக, தூக்கம் குறைந்தால் தோல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வது மெதுவாகிறது, ஈரம் தங்குவதில்லை, அழற்சி கூடுகிறது. அவ்வளவுதான். எல்லாவற்றையும் தூக்கத்தின் தலையில் கட்ட முடியாது. நம் நிறத்துக்குக் கண்ணடிக் கருப்பு பரம்பரையாக வருவதும், மூக்கடைப்பு அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக் கசக்கி வருவதும் சகஜம். பத்து மணி நேரம் தூங்கினாலும் அது போகாது. கழுத்தில் வெல்வெட் மாதிரித் தடித்த கருப்பு இருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதற்கு சோப்பு மாற்றுகிறவர்கள் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

2. காத்திருக்கக் கூடாதவை

உதடு, நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால் 108. புது மாத்திரை தொடங்கிய பின் காய்ச்சலோடு கொப்புளம், வாய்ப்புண், கண் எரிச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கண் மஞ்சளோடு உடம்பெல்லாம் அரிப்பு, மூட்டு வலியோடு கன்னத்தில் சிவப்பு ஆகியவற்றுக்கும் நாள் கடத்தாதீர்கள்.

3. இரண்டு வாரக் குறிப்பேடு

இந்த முழு வேலையிலும் செலவே இல்லாததும் அதிகம் உதவுவதும் இதுதான். பிற்பாடு தோல் மருத்துவர், தூக்க மருத்துவர், ஹெச்.ஆர். என்று மூவரிடமும் இதே நோட்டைத்தான் நீட்டப் போகிறீர்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கும்:

"செவ்வாய். கேப் இறக்கியது 6.40. குளியல், தோசை. படுத்தது 8.15. தூங்கியது 9 போல. 11.30 காலிங் பெல், சிலிண்டர். மறுபடி 12.15. எழுந்தது 3.10. டீ நாலு, கடைசி டீ விடிகாலை 4.30. அரிப்பு 3. தாடையில் புதுப் பரு 2. தலைக்கு எண்ணெய்."

கூட்டிப் பாருங்கள். படுக்கையில் கிடந்தது ஏழு மணி நேரம், தூங்கியது ஐந்தரைகூட இல்லை. "நான் தினமும் ஏழு மணி நேரம் தூங்குகிறேன் சார்" என்று டாக்டரிடம் சொல்கிற பலருடைய கணக்கு இதுதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்வது தூங்கிய நேரத்தை.

அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். புதுப் பருக்களை எண்ணி எழுதுங்கள், பழையதைச் சேர்க்காதீர்கள். பெண்கள் மாதவிடாய் நாளைக் குறித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஹார்மோன் பருவைத் தூக்கப் பரு என்று நினைத்துக்கொள்வோம். எண்ணெய், புது ஷாம்பு, ஜிம் புரோட்டீன் பவுடர் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பவுடரில் இருக்கும், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு படம். அதே ஜன்னல், அதே நேரம், முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து, பியூட்டி மோடை அணைத்துவிட்டு. இடது, வலது, நேர். கடைசி நாளில் மட்டும் எடுத்த படத்தால் ஒன்றும் தெரியாது.

ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் மொத்தத் தூக்க நேரத்துக்கு அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அது சொல்லும் ஆழ்தூக்கக் கணக்கை நம்பிக் கவலைப்படாதீர்கள். பகல் தூக்கத்தைச் சில வாட்ச்கள் குட்டித் தூக்கம் என்றே போட்டுவிடும்.

4. அறையையும் கடிகாரத்தையும் சரிசெய்தல்

குறிப்பேட்டின் முதல் வாரம் முடிந்ததும் இதைத் தொடங்கலாம். இரண்டாம் வாரத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று அதே நோட்டு சொல்லிவிடும்.

வெளிச்சம்தான் முதல் எதிரி. காலை வெயில் கண்ணில் பட்டதும் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோனை மூளை நிறுத்திவிடும். கேபில் ஏறும்போதே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது, வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்வதுதான் முக்கியம். வெளிச்சத்தை முழுதாக மறைக்கும் திரைச்சீலை ஒரு ஜன்னலுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும். வாடகை அறையில் அவ்வளவு போட மனமில்லை என்றால் அட்டைப்பெட்டியை வெட்டி ஜன்னலில் ஒட்டுங்கள், அதே வேலையைச் செய்யும். சத்தத்துக்குப் பஞ்சு போன்ற காது அடைப்பான், நூறு ரூபாய்க்குள். காலை பத்து மணிக்குக் கீரை வண்டி, பழைய இரும்பு வண்டி, மேல் வீட்டு மிக்ஸி என்று ஒவ்வொன்றாக வரும். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிட்டு, சிலிண்டரையும் பார்சலையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

டீக்குக் கணக்கு இருக்கிறது. காஃபீன் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூங்கப் போகும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ஒன்பதுக்குத் தூங்க வேண்டுமென்றால் கடைசி டீ விடிகாலை மூன்று மணி. அந்த நாலரை மணி டீ இல்லாமல் லாகவுட் வரை தாங்காது என்பார்கள். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் போய்ப் பாருங்கள், தாங்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது வார லீவில். ஐந்து நாள் காலை 8 முதல் மாலை 3 வரை தூங்கிவிட்டு, சனி ஞாயிறு வீட்டாரோடு இரவு பத்துக்கே படுத்தால், உடம்பு வாராவாரம் நியூயார்க் போய்த் திரும்புகிறது. முழுதாக மாறாமல், லீவு நாளில் விடிகாலை 4 முதல் பகல் 12 வரை தூங்குங்கள். வேலை நாள் தூக்கமும் லீவு நாள் தூக்கமும் நாலு மணி நேரமாவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். வீட்டில் "மணி பதினொண்ணாச்சு, இன்னும் தூங்குறான் பாரு" என்று பேச்சு வரும். குறிப்பேட்டை அம்மாவிடமும் காட்டலாம்.

அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. தோல் காய்ந்துவிடும். மெத்தை, தலையணை உறை பற்றி ஒரே வரி: உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள், மெத்தையை வெயிலில் போடுங்கள், சென்னை ஈரத்துக்குத் தூசிப் பூச்சி நன்றாக வளரும்.

5. தோலுக்கு என்ன போடுவது, எதைப் போடக் கூடாது

போட வேண்டியது கொஞ்சம்தான். தூங்கும் முன் வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல். துடைத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஈரம் முழுதாகக் காயும் முன், மாய்ஸ்சரைசர். அரிக்கும் வறண்ட தோலுக்கு வாசமில்லாத சாதாரண க்ரீமோ, வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. பரு உள்ள முகத்தில் ஜெல்லியையும் தேங்காய் எண்ணெயையும் தவிருங்கள். காலை வெயிலில் வீடு திரும்புகிறவர்கள் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீனை ஆபீஸிலேயே போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். நைட் ஷிஃப்ட்காரருக்கு வெயில் எங்கே என்று எல்லோரும் இதை மறந்துவிடுகிறோம்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே தூங்கும் வழக்கம் நெற்றிப் பருவுக்கும் பொடுகுக்கும் பெரிய காரணம். நெற்றியிலும் தலைமுடியின் ஓரத்திலும் மட்டும் சின்னச் சின்னதாக இருந்தால் முதலில் இதை நிறுத்திப் பாருங்கள். குளிக்கும் முன் அரை மணி நேரம் வைத்து அலசினால் போதும்.

இனிப் பொறிகள்.

மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூப். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், நிம்மதியாகத் தூக்கம் வரும். உள்ளே இருப்பது படர்தாமரை என்றால் அது அடங்கின மாதிரி நடித்துவிட்டு, வட்டம் பெரிதாகி, மருந்துக்கும் மசியாமல் திரும்பும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரிய ஆரம்பிக்கும். ட்யூபில் குளோபெட்டசால், பெக்லோமெட்டசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்தது ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் நைட் க்ரீம். விவரமில்லாத டப்பாவில், வாட்ஸ்அப் வழியாக வருவது. இவற்றில் பாதரசம் கலந்திருப்பதைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள். கேரளாவில் இத்தகைய க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை மருத்துவர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவது, அரிப்பு மாத்திரையைத் தூக்க மாத்திரையாகப் போடுவது. "ஒரு செட்ரிசின் போட்டேன், நல்லா தூங்கினேன்" என்று டீம் முழுக்கச் சொல்லும். தூக்கம் வருவது நிஜம்தான். எழுந்த பிறகும் மந்தம் விடாது, அதோடு வண்டியும் ஓட்டுவோம். கொஞ்ச நாளில் அதே மாத்திரைக்குத் தூக்கமும் வராது.

6. தோல் மருத்துவர்: யார், எங்கே, எவ்வளவு

பெயர்ப் பலகையில் ஸ்கின் கிளினிக் என்று இருந்தால் போதாது. உள்ளே இருப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டே சரிபார்க்கலாம். காஸ்மெட்டாலஜிஸ்ட் என்று மட்டும் போட்டிருந்தால் ஃபேஷியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நோய்க்கு வேண்டாம்.

தனியாரில் ஒருமுறை பார்க்க 500 முதல் 1,000 ரூபாய். பல இடங்களில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் திரும்பிப் போனால் கட்டணம் இல்லை. எத்தனை நாள் என்று வரவேற்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. காலையில்தான். எட்டு மணிக்கு முன் போய் சீட்டு வாங்கினால் மதியத்துக்குள் மாத்திரையோடு வெளியே வரலாம். ஆதாரும் மொபைலும் கையில் இருக்கட்டும். ஷிஃப்ட் முடிந்த கையோடு நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம், தூங்காத முகத்தோடு நாலு மணி நேர வரிசை உடம்புக்கு ஆகாது. லீவு நாள் காலை போங்கள்.

கொண்டு போக வேண்டியவை: குறிப்பேடு, படங்கள், இதுவரை தடவிய எல்லா ட்யூபும், காலியானதையும் சேர்த்து. சித்த மருந்து, நாட்டு மருந்து, ஜிம் ஊசி எதையும் மறைக்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே "நான் நைட் ஷிஃப்ட், பகலில் ஐந்தரை மணி நேரம் தூங்குகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கூட்ட நேரத்தில் அவர்களாகக் கேட்க நேரம் இருக்காது.

ரத்தப் பரிசோதனை எழுதினால் வழக்கமாக ரத்த அணுக்கள், தைராய்டு, சர்க்கரை. நீண்ட நாள் அரிப்பு என்றால் கல்லீரல், சிறுநீரகமும். முதல் மூன்றும் சேர்ந்து தனியார் லேபில் ஆயிரம் ரூபாயைச் சுற்றி முடியும். அங்கே "இன்னும் கொஞ்சம் போட்டால் முழு உடல் பேக்கேஜே எடுத்துக்கலாமே" என்பார்கள். மருத்துவர் எழுதியதை மட்டும் எடுங்கள். அதைவிடப் பெரிய பொறி, நூறு பொருளுக்கு ஒவ்வாமை பார்க்கும் ரத்தப் பட்டியல். பல ஆயிரம் ஆகும். ஆறு வாரத்துக்கு மேல் போகும் தடிப்புக்குப் பெரும்பாலும் எந்த உணவும் காரணமாக இருப்பதில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துக் கத்திரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக விட்டு இளைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருவுக்கு அடாப்பலின் என்ற பூசும் மருந்தை எழுதினால் தூங்கும் முன் போட வேண்டும். உங்களுக்கு அது காலை எட்டு மணி. சீட்டில் "இரவு" என்று இருப்பதைப் பார்த்து ஆபீஸ் கிளம்பும்போது போட்டுக்கொள்ளாதீர்கள். பட்டாணி அளவு முகம் முழுவதற்கும் போதும். கர்ப்பமாக இருப்பவர்களும் திட்டமிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு, கருவைக் கடுமையாகப் பாதிக்கும்.

7. தூக்கப் பரிசோதனை யாருக்கு வேண்டும்

தூங்கும்போது மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை இது. எல்லோருக்கும் வேண்டாம். குறட்டை சத்தமாக இருக்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது என்று ரூம்மேட் சொல்கிறார், போதுமான நேரம் தூங்கியும் ஆபீஸில் போன் கால் எடுக்கும்போதே கண் சொக்குகிறது, எடை கூடியிருக்கிறது, கழுத்தில் அந்த வெல்வெட் கருப்பும் இருக்கிறது. இப்படி இருந்தால் கேட்டுப் பாருங்கள். எப்வொர்த் என்று எட்டுக் கேள்விக் காகிதம் ஒன்று தருவார்கள். 24-க்குப் பத்துக்கு மேல் வந்தால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. நமக்கு அங்கே ஒரு குழப்பம், பகல் என்பதை விழித்திருக்க வேண்டிய நேரம் என்று மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரல் மருத்துவரோ காது மூக்குத் தொண்டை மருத்துவரோ எழுதிக் கொடுப்பார். வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டு தூங்குவது ஒரு வகை, லேபில் தங்குவது இன்னொரு வகை. தனியாரில் இரண்டும் பத்தாயிரத்தைச் சுற்றி, லேப் அதற்கு மேலும் போகும். பணம் கட்டும் முன் அரசு மருத்துவக் கல்லூரியின் நுரையீரல் பிரிவில் வசதி இருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

லேபில் தங்குகிறவர்கள் அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெயோ ஜெல்லோ இல்லாமல் போக வேண்டும். எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு விரலாவது நெயில் பாலிஷ் இல்லாமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பெரும்பாலான லேப்கள் இரவில் மட்டுமே செய்யும். நீங்கள் இரவில் விழித்தே பழகியவர். பதிவு செய்யும்போதே சொல்லி, பகலில் செய்வார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் வீட்டுக் கருவியை வாங்கி உங்கள் தூக்க நேரத்தில் மாட்டிக்கொள்வது நல்லது.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்பது அது. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மூச்சு தடைப்படாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபேப் கருவி வேண்டியிருந்தால் விலைக்கு வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மாஸ்க் படும் இடத்தில் தடிப்பும் பருவும் வரும். மாஸ்கை தினமும் கழுவினால் குறையும், குறையாவிட்டால் அளவு தப்பு, மாற்றிக் கேளுங்கள்.

8. காகிதங்கள்: ஈ.எஸ்.ஐ., காப்பீடு, ஹெச்.ஆர்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற அரசின் தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருந்தால் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் உங்கள் பகுதி டிஸ்பென்சரி, அங்கிருந்து சீட்டோடு கே.கே. நகர் அல்லது அயனாவரம் மருத்துவமனை. நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் டிஸ்பென்சரிக்கே அனுப்புவார்கள், ஒரு நாள் போய்விடும். ஈ.எஸ்.ஐ. அட்டையும் ஆதாரும் போதும்.

கம்பெனி காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். தோல் மருத்துவர் கட்டணம், க்ரீம், ரத்தப் பரிசோதனை எதுவும் வராது, ஓ.பி. வசதி தனியாக இருந்தாலொழிய. தூக்க லேபில் ஓர் இரவு தங்கியதைக் காட்டிக் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பரிசோதனைக்காக மட்டுமே சேர்வதைப் பாலிசிகள் வழக்கமாக விலக்கியே வைத்திருக்கின்றன. எழுத்தில் முன்அனுமதி வாங்காமல் நம்பிப் போகாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வெறும் ஓ.பி. செலவுக்கு உதவாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் முன்தடுப்புப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு காட்டலாம், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் மாற்றம் கேட்பதுதான் இருப்பதிலேயே கடினம். "பரு வருது சார்" என்று வாய்மொழியாகப் போனால் சிரித்துவிட்டு அனுப்புவார்கள். மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் தேதி, பதிவு எண், கையெழுத்து, முத்திரை, எத்தனை வாரத்துக்கு என்ற கால அளவு எல்லாம் இருக்கும் கடிதம் வேண்டும். நோயின் பெயர் ஆபீஸுக்குத் தெரிய வேண்டாம் என்றால், "மருத்துவக் காரணங்களுக்காக" என்று மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அதை மேனேஜரிடம் கையில் கொடுக்காதீர்கள். ஹெச்.ஆருக்கு மெயிலில் அனுப்பி, மேனேஜரைப் பிரதியில் சேருங்கள். அடுத்த மாத ரோஸ்டர் முடிவாகும் முன் போய்ச் சேர வேண்டும். முடிந்த பிறகு போனால் எவ்வளவு நியாயமான கடிதத்துக்கும் "அடுத்த மாசம் பார்க்கலாம்"தான்.

பகல் ஷிஃப்ட் கிடைக்காவிட்டால் இரண்டாவது கோரிக்கை தயாராக இருக்கட்டும். வாராவாரம் மாறும் ஷிஃப்டுக்குப் பதில் மாதக்கணக்கில் ஒரே ஷிஃப்ட். அதுவும் இல்லையென்றால், மாறும் திசையாவது காலை, மாலை, இரவு என்ற வரிசையில். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுப்பது உடம்புக்கு இன்னும் கடினம். மேனேஜருக்கு இதில் நஷ்டம் இல்லை, அதனால் கிடைப்பதும் எளிது.

9. எத்தனை நாளில் என்ன தெரியும்

கண் வீக்கமும் வெளிறலும் நாலைந்து நல்ல தூக்கத்தில் குறைந்துவிடும். வறட்சி, எரிச்சல், அரிப்புக்கு இரண்டு மூன்று வாரம். தோலின் மேலடுக்கு புதிதாக மாறவே சுமார் நான்கு வாரம் ஆகும் என்பதால் அதற்கு முன் முகத்தின் களை பற்றி முடிவு கட்டாதீர்கள். பருவுக்கு மருந்தோடு சேர்ந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம், முதல் சில வாரத்தில் கூடின மாதிரியும் தெரியும். அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் மருந்தை நிறுத்துகிறார்கள். பரு விட்டுப்போன கரும்புள்ளிக்கு மாதங்கள்.

ஆறு வாரம் ஏழு மணி நேரம் தூங்கியும் படங்களில் ஒரு மாற்றமும் இல்லை என்றால், தூக்கம் உங்கள் விஷயத்தில் பெரிய காரணம் இல்லை. அதே நோட்டை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். போகும்போது முதல் சீட்டையும், பாதி தீர்ந்த ட்யூப்களையும் கொண்டு போங்கள். எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதை வைத்தே நீங்கள் ஒழுங்காகப் போட்டீர்களா என்று அவர் கண்டுபிடித்துவிடுவார்.